மச்சானும் மாப்பிள்ளையும் பிடித்த கயிறு

நடந்தவை, வரிசையாக:

1. எழுபது வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போனேன்.
2. கூட வந்த பிரகாஷ் வழியிலேயே கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான்.
3. ஒரு மிளகுக் கொடியால் மாதக்கணக்கில் பேசாதிருந்த இரண்டு பேர் என் கயிற்றைப் பிடித்தார்கள்.
4. பள்ளத்தாக்கில் இறங்கினேன். சிரித்தேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை.
5. நான் அந்தரத்தில் இருக்கும்போது மேலே சண்டை தொடங்கியது.
6. ஊரில் சங்கு ஊதியது. ஊதவைத்தது நான்.

இதே வரிசையில்தான் அலுவலகத்துக்கும் அறிக்கை அனுப்பினேன். மூன்றையும் ஐந்தையும் மேலாளர் நீக்கச் சொன்னார். நான்கில் சிரிப்பை மட்டும் நீக்கச் சொன்னார். நீக்கியதெல்லாம் சேர்ந்து இந்தக் கட்டுரை ஆகிவிட்டது.

நான் மின்னணுவியல் படித்தவள். ஆறு, ஓடைகளில் நீர்மட்டம் அளக்கும் மானிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் வேலை. கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்னும் பகுதியில் ஒரு சிற்றூரை ஒட்டிப் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அதன் அடியில் ஓடை. ஓடைக்கு மேலே, பாறைச் சுவரில் அடித்த இரும்புக் கையின் நுனியில் எங்கள் மானி தொங்குகிறது. மலையில் மழை கொட்டி ஓடை திடீரென்று ஏறினால் மானி சொல்லும், ஊர்க் கம்பத்தில் இருக்கும் அபாயச் சங்கு ஊதும். பள்ளத்தாக்கு அகன்று ஓடை வெளியே வரும் இடத்தில் ஊர்ப் பெண்கள் தினமும் தண்ணீரில் இறங்கி அக்கரைக் காட்டுக்கு, அதாவது விளைநிலத்துக்கு, போகிறார்கள். அவர்கள் மேடேறுவதற்காகத்தான் அந்தச் சங்கு.

மூன்று வாரமாக மானி ஒரே அளவைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டே இருக்கிற மானி பொய் சொல்கிறது என்று எங்கள் கணினி முடிவு செய்யும். சங்கின் வாயையும் அடைத்துவிடும். அதை எங்களுக்கு முதலில் சொன்னது கணினியல்ல. கம்பத்தில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துத் தொலைபேசியில் கூப்பிட்ட சின்னப்பொண்ணு என்ற பெண்.

"ஏனுங்க, மூணு மழை பேஞ்சு போச்சு. உங்க சங்கு வாயே தொறக்கலீங்க. பேட்டரி தீந்துபோச்சா, இல்ல உங்க ஆபீசே தீந்துபோச்சா?"

அதனால்தான் கிளம்பினோம். நானும், கயிறு பிடிக்கப் பயிற்சி பெற்ற பிரகாஷும்.

எங்கள் ஊர் திருவாரூர்ப் பக்கம். அங்கே உயரம் என்றால் கோபுரம், ஆழம் என்றால் குளம். மற்றதெல்லாம் தாம்பாளம். சைக்கிளில் நாள் முழுக்கப் போனாலும் மிதிக்காமல் ஓரடி உருள முடியாது. அப்படி வளர்ந்ததாலோ என்னவோ, உயரத்தில் எனக்குப் பயம் வருவதில்லை, சிரிப்பு வருகிறது. கோபுரம் ஏறும் பயிற்சியில்தான் இது தெரிந்தது. செல்போன் கோபுரத்தின் உச்சியில் மற்றவர்கள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் கெக்கெக்கெ என்று சிரித்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் தேர்ச்சி கொடுத்துவிட்டு, "வெளியில யார்கிட்டயும் சொல்லிக்காதம்மா" என்றார்.

மலையேறும் பேருந்தில் பத்தாவது வளைவிலேயே அது ஆரம்பித்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே சாலை இல்லை, ஓரம் இல்லை, காற்றும் அதற்கு அடியில் வாழைத்தோப்பும்தான். நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு குலுங்கினேன். பக்கத்தில் பிரகாஷ் பாலிதீன் பைக்குள் முகத்தை வைத்திருந்தான். முன்சீட்டு அம்மா திரும்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணு அழுவுது, ஒண்ணு சிரிக்குது. புதுசாக் கலியாணம் ஆனவீங்களா?"

"இல்லீங்கம்மா, வேலையா வந்தோம்."

"அப்பச் சரி," என்று எலுமிச்சம்பழத்தை பிரகாஷ் கையில் திணித்தார். "மோந்து பாரு சாமி. தின்னுபோடாத."

பாதி மலையில் பேருந்து நின்றது. வளைவில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, மூட்டை ஏற்றிய லாரி ஒன்று திரும்பவும் முடியாமல் பின்வாங்கவும் முடியாமல் குறுக்கே மாட்டியிருந்தது. பேருந்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் இறங்கி லாரிக்காரருக்கு வழி சொல்ல ஆரம்பித்தார்கள். "ஒடிங்க, ஒடிங்க!" என்று ஒருவர். "ஒடிக்காதீங்க!" என்று இன்னொருவர். "அட, வண்டி அவருது, அவரு கொஞ்சம் ஓட்டட்டும் உடுங்கப்பா" என்று நடத்துநர். மண்ணில் கால்பட்ட மகிழ்ச்சியில் பிரகாஷும் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் நடந்தான். நடந்து, ஓரத்து வாய்க்காலுக்குள் போனான்.

அவனைத் தூக்கி உட்காரவைத்தபோது எலுமிச்சை அம்மா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். "இத்தனை பெரிய மலையில அந்தச் சின்னக் குழியைக் கண்டுபுடிச்சிருக்காரு பாருங்க, மெட்ராசுக்காரரு."

மலைமேல் செம்மேட்டில் கட்டுப்போட்ட நர்ஸ், இரண்டு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார். விடுதி அறையில் தலையணை மேல் காலை வைத்துப் படுத்தான் பிரகாஷ். மேலாளரைக் கூப்பிட்டேன். அடுத்த வாரம் வேறு ஆள் அனுப்புகிறேன், நீ திரும்பி வந்துவிடு என்றார். நியாயமான பதில். அதையே சின்னப்பொண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"நாளான்னைக்குப் பெருமழைன்னு சொல்றாங்க கண்ணு. காட்டுல களையெடுப்பு நடக்குது. போகாம இருக்க முடியாது. நாங்க பத்துப் பன்னெண்டு பேரு தெனமும் ஆத்துல எறங்கறோம். அடுத்த வாரம் நீங்க வந்தா எங்களுக்குத்தான் சங்கு ஊதோணும்."

நான் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பேருந்தில் ஏறினேன். "கயித்த யாரு பிடிப்பா கவிதா?" என்று பிரகாஷ் படிக்கட்டு வரை கத்தினான். அதுதான் எனக்கும் தெரியவில்லை.

சின்னப்பொண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்து, என் பைகளில் கனமானதைப் பார்த்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "பள்ளத்தைப் பாத்துட்டு ஊட்டுக்குப் போலாமா, ஊட்டுக்குப் போயிட்டுப் பள்ளத்தைப் பாக்கலாமா?" என்றார்.

பள்ளம். எங்கள் ஊரில் மழைத் தண்ணீர் தேங்கும் இடத்துக்கு அந்தப் பெயர். சரி, ஒரு பள்ளத்தைப் பார்த்துவிடலாம் என்று நடந்தேன்.

ஊர் முடிகிற இடத்தில் மிளகுத் தோட்டம். தோட்டம் முடிகிற இடத்தில் சில்வர் ஓக் மரங்கள் ஒரு வரிசை. மரங்கள் முடிகிற இடத்தில் ஒன்றுமே இல்லை. பூமி அங்கே நின்றுவிட்டது. அக்கரைச் சுவர் தூரத்தில் நீலமாகத் தெரிந்தது. அதற்கும் எனக்கும் நடுவே ஒரு மேகம் கட்டவிழ்ந்த எருமை மாதிரி சோம்பலாக நகர்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கீழே ஒரு பருந்து வட்டமிட்டது. இதுநாள்வரை பருந்தின் வயிற்றை மட்டுமே பார்த்திருக்கிறேன். முதுகு காப்பித்தூள் நிறம். அதற்கும் கீழே, மரங்களெல்லாம் கொத்தமல்லிக் கட்டு அளவுக்குச் சுருங்கிப்போன ஆழத்தில், ஓடை ஒரு வெள்ளை நூல்.

எனக்குத் தொடங்கிவிட்டது. முதலில் மூக்கில், பிறகு தோளில், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

சின்னப்பொண்ணு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "என்ன கண்ணு, மோகினி கீகினி புடிச்சிருச்சா?"

"இல்லக்கா... எவ்ளோ பெருசு!"

"ஆமா, பெருசுதான்," என்று அவரும் ஒருமுறை எட்டிப் பார்த்தார், நான் சொன்ன பிறகுதான் கவனித்தவர் போல. "கோழி உழுந்தாக் கெடைக்காது."

இரவுச் சாப்பாட்டுக்குச் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, தேன் ஊற்றிய பலாச்சுளை. எங்கள் ஊரில் பலாவைத் தேனில் தொட்டுத் தின்போம். இங்கே தேனுக்குள் பலா மூழ்கியிருந்தது. தேன் எடுத்தது சின்னப்பொண்ணுவின் கணவர் பொன்னுசாமி. அவரும் இதே பள்ளத்துச் சுவரில்தான் கயிற்றில் இறங்கித் தேன் எடுக்கிறார். எனக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்தது போலிருந்தது.

"உங்களுக்குக் கயிறு யாருங்க பிடிப்பாங்க?" என்று கேட்டேன்.

பொன்னுசாமி எதிர்வீட்டைப் பார்த்தார். அங்கே ஒருவர் வாசலில் நின்று, எங்கள் பக்கம் வந்த கோழியிடம் சத்தமாக, "நாளைக்கி மழை வருமாட்ட இருக்குது, வெறகை உள்ள எடுத்து வெக்கச் சொல்லு" என்றார். பொன்னுசாமி அதே கோழியிடம், "எல்லாம் வெச்சாச்சுன்னு சொல்லு" என்றார். கோழி நடுவில் நின்று மண்ணைக் கிளறியது.

எதிர்வீட்டுக்காரர் சடையன், சின்னப்பொண்ணுவின் அண்ணன். பொன்னுசாமிக்கு மச்சான். இரண்டு தோட்டத்துக்கும் நடு எல்லையில் சடையனின் சில்வர் ஓக் மரம் நிற்கிறது. பொன்னுசாமி நட்ட மிளகுக் கொடி அதில் ஏறிவிட்டது. மிளகு கொடிக்காரருக்கா, மரத்துக்காரருக்கா? தை மாத அறுப்பில் எழுந்த இந்தக் கேள்விக்குப் பிறகு இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

"ஆனா இவரு தேனுக்கு எறங்குனா அண்ணன்தான் வந்து கயித்தப் புடிக்கும்," என்றார் சின்னப்பொண்ணு. "வாயைத் தொறக்காது. வந்து, புடிச்சு, ஏத்தி உட்டுட்டுப் போயிரும். கயிறு வேற, பேச்சு வேற."

மலையில் அது வழக்கம். இறங்குகிறவனின் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்கவேண்டும். கூடப்பிறந்த சகோதரன் பிடிக்கக் கூடாது; அவனுக்குக் காட்டில் பங்கு இருக்கிறது. மச்சானுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கயிறு நழுவினால் அவன் தங்கை தாலி போகும். அதனால் மச்சான் கை நழுவாது.

மறுநாள் காலை பள்ளத்தின் ஓரத்தில் என் சாமான்களைப் பரப்பினேன். இரண்டு கயிறுகள். ஒன்று என்னை இறக்கும் கயிறு, இன்னொன்று காப்புக் கயிறு. இரண்டும் பெரிய பலா மரத்தில் கட்டிய இரும்புப் பிடிப்பான்கள் வழியாக ஓடும். பிரகாஷ் ஒருவனே இரண்டையும் பார்த்துக்கொள்வான்; அவன் இல்லாததால் மேலே இருவர் இரண்டையும் ஒரே வேகத்தில் விடவேண்டும்; ஏற்றுவதற்குக் கப்பி உண்டு. யாராவது கையை விட்டாலும் பிடிப்பான் தானாகக் கவ்விக்கொள்ளும், ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன்.

பொன்னுசாமி பிடிப்பானைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "நல்ல பொருளுதான். ஆனா அம்மணி, இரும்புக்கு ஏதுங்க தங்கச்சி?"

பிடிப்பானைத் திரும்ப வாங்கி மரத்தில் மாட்டினேன்.

இனி, எனக்கு யார் கயிறு பிடிப்பது என்ற கேள்வி. கல்யாணம் ஆகாத பெண் பள்ளத்தில் இறங்கியதாக யாருக்கும் நினைவில்லை. சின்னப்பொண்ணு என்னைத் தங்கையாக அறிவித்தார். பிரச்சினை இன்னும் சிக்கலானது.

"அப்ப நான் கூடப்பொறந்தவன் ஆயிருவேன்," என்றார் சடையன், பலா மரத்தைப் பார்த்து. "நான் தொடப்படாது."

"நான் மட்டும் தொடலாமா?" என்றார் பொன்னுசாமி, அதே மரத்தின் மறுபக்கத்தைப் பார்த்து. "கொழுந்தியா கயித்த அக்கா புருசன் புடிச்சான்னா சந்தையில சிரிக்க மாட்டாங்க?"

நான் வழக்கத்தின் அடிப்படைக்குப் போகலாம் என்று நினைத்தேன். "விழுந்தா யாருக்கு நட்டமோ அவங்கதானே பிடிக்கணும்? நான் விழுந்தா யாருக்கு நட்டம்?" என்றேன். ஒரு ஸ்கூட்டி, ஒரு மடிக்கணினி, என்னைத் திட்டுவதற்கு அம்மா. மூவருக்கும் இங்கே வர வழியில்லை.

சின்னப்பொண்ணு சேலையை இழுத்துச் செருகினார். "நட்டம் எனக்கு. இந்தப் புள்ள எறங்கலீன்னா சங்கு ஊதாது. சங்கு ஊதலீன்னா களையெடுக்கப் போற நான் ஆத்தோட போவேன். நான் போனா இவருக்குப் பொண்டாட்டி இல்ல, அண்ணனுக்குத் தங்கச்சி இல்ல. ரெண்டு கயிறு இருக்குதல்ல? ஆளுக்கொண்ணாப் புடிங்க."

சடையன் இறக்கும் கயிற்றை எடுத்தார். பொன்னுசாமி காப்புக் கயிற்றை எடுத்தார். சின்னப்பொண்ணு கையில் ஒரு வாக்கிடாக்கியைக் கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்திப் பேசவேண்டும், எப்போது விடவேண்டும் என்று காட்டினேன். வேலை முடிந்ததும் சங்கைச் சோதிப்பேன், அதற்கு முன் துறையில் இருக்கும் பெண்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னேன். "சொல்றேன், சொல்றேன்" என்றார்.

முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி, ஓரத்தில் சாய்ந்து, காலை எடுத்தேன்.

இதை எப்படிச் சொல்வது? தாம்பாளத்தில் வளர்ந்தவளை யாரோ தாம்பாளத்தின் விளிம்பிலிருந்து வெளியே தொங்கவிட்டார்கள். கால்களுக்குக் கீழே காற்று குளிர்ந்துகொண்டே போனது. பாறை முதலில் சிவப்பு, பிறகு சாம்பல், பிறகு ஈரக் கறுப்பு. ஒரு இடுக்கில் ஊதாப்பூ ஒன்று யாருக்கும் இல்லாமல் பூத்திருந்தது. சிரித்தேன். நான் சிரித்தது எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. அதைக் கேட்டு இன்னும் சிரித்தேன்.

"அழுவறியா கண்ணு?" என்றது வாக்கிடாக்கி.

"இல்லக்கா, நல்லா இருக்கு!"

"நல்லாருக்குதாமா," என்று அவர் மேலே அறிவிப்பது கேட்டது.

பேசாத இருவர் இரண்டு கயிறுகளை ஒரே வேகத்தில் விடுவது எப்படி? விட முடியாது என்பதுதான் விடை. சடையன் முழம் முழமாக விட்டார், பொன்னுசாமி சாண் சாணாக விட்டார். காப்புக் கயிறு இறுகி என்னை இடப்பக்கம் சாய்த்தது. நான் மூலையில் மாட்டிய படம் மாதிரிக் கோணலாகத் தொங்கினேன்.

"அக்கா, பொன்னுசாமி அண்ணனை இன்னும் விடச் சொல்லுங்க."

"ஏனுங்க, இன்னும் உடோணுமாமா."

"உடறேன். அந்தக் கையை மெதுவா உடச் சொல்லு."

"அண்ணா, உன்னைய மெதுவா உடச் சொல்றாரு."

"நான் சரியாத்தான் உடறேன். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லேன்னு சொல்லு."

இப்படி மூன்று வாய் மாறி, ஒரு வாக்கிடாக்கி வழியாக, நான் கோணலும் நேருமாக இறங்கினேன். சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்தது.

மானிக்கு நேரே வந்து நின்றேன். நிறுத்தச் சொன்னதும் மேலே இரண்டு கயிறுகளையும் மரத்தில் பூட்டினார்கள். கீழே ஓடை பாறைகளுக்கிடையே சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இரும்புக் கையைப் பிடித்து மானியின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தேன். உள்ளே குளவி ஒன்று களிமண்ணில் அழகாக வீடு கட்டியிருந்தது. மானி மூன்று வாரமாகத் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. குளவி வீட்டின் சுவரைப் பார்த்து அதன் தூரத்தை ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. குளவி வெளியே போயிருந்தது. அது வருவதற்குள் மண்ணைச் சுரண்டி எடுத்தேன், வாயைத் துடைத்தேன். மானியின் சிறு திரையில் எண் மாறியது. இன்னொரு முறை மாறியது. உண்மை பேசுகிற எண்கள் நிலையாக இருப்பதில்லை. அங்கிருந்தே சங்கின் வாயடைப்பையும் நீக்கினேன்.

அப்போதுதான் என் தலைக்கவசத்தில் ஒரு பெரிய துளி விழுந்தது. பிறகு இன்னொன்று.

மேலே கூச்சல். வாக்கிடாக்கியில் சடையனின் குரல், இதுவரை கேட்காத வேகத்தில்: "மாப்பிள்ளே! வேரைப் புடி! வேரைப் புடிடா!"

மழை பட்ட பாசியில் பொன்னுசாமி வழுக்கியிருக்கிறார். ஓரத்துக்கு வெளியே போகவில்லை, முழங்காலோடு சரி. ஆனால் சின்னப்பொண்ணு அதைப் பற்றிச் சொல்லவே இல்லை. "கண்ணு! பேசிட்டாங்க! அண்ணன் பேசிருச்சு!" என்று கத்தினார்.

பேசியதுதான் சிக்கல். அடைத்து வைத்த மடையைத் திறந்தால் முதலில் வருவது நல்ல தண்ணீரா?

"மாப்பிள்ளேன்னு கூப்புட இப்பத்தான் வாய் வந்துச்சா? தையில எங்க போச்சு அந்த வாயி?" என்றார் பொன்னுசாமி.

"உழுவறவனைக் கோழிகிட்டச் சொல்லியா புடிக்கச் சொல்றது? உன் கொடி ஏன் என் மரத்துல ஏறுச்சுன்னு கேட்டேன், அதுக்கு மூஞ்சியத் திருப்பிட்டுப் போனவன் நீ!"

"கொடிக்குத் தெரியுமா எல்லைக்கல்லு? ஏறாதேன்னு நீங்க அதுகிட்டச் சொல்றது!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!" என்று சின்னப்பொண்ணு. பிறகு சேலை உரசும் சத்தம். வாக்கிடாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் புகுந்துவிட்டார். செருகியதில் பேசும் பொத்தான் அழுந்திக்கொண்டது. அந்தக் கருவி பேசும்போது கேட்காது. அதாவது மேலே நடக்கிற சண்டை ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது. நான் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை.

மழை கனத்தது. ஓடையின் நிறம் மாறவில்லை, ஆனாலும் அதற்கு நேர் மேலே தொங்குகிறவளுக்கு அதை அடிக்கடி பார்க்கத் தோன்றும். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. தொலைபேசி மேலே பையில் இருந்தது. மனதுக்குள் எண்ணிட்டேன்.

ஒன்று, கத்துவது. கத்தினேன். ஓடைச் சத்தம் விழுங்கியது. இரண்டு, கயிற்றை இழுப்பது. இழுத்தேன். இரண்டும் மரத்தில் பூட்டியிருந்தன. பலா மரத்துக்கு மட்டும் தெரிந்திருக்கும். மூன்று.

மூன்றாவது என் மூக்குக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. கருவிப் பையைக் கயிற்றில் கட்டி மானியின் வாய்க்குக் கீழே ஒரு முழம் தள்ளித் தொங்கவிட்டேன். மானியின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். ஓடை பொங்கிக் கழுத்துக்கு வந்துவிட்டது என்று மானி நினைத்தது.

ஊரில் சங்கு ஊதியது.

பள்ளத்தின் இரண்டு சுவர்களும் அதை வாங்கி வாங்கித் திருப்பி எறிந்தன. பறவைகள் எழுந்தன. வாக்கிடாக்கியில் மிளகு, மரம், எல்லைக்கல் எல்லாம் பாதியில் அறுந்தன. பிறகு மூன்று குரல்களும் ஒன்றாக: "ஐயோ, அந்தப் புள்ள!"

அடுத்த ஏற்றத்தைப் போன்ற ஒற்றுமையை நான் எந்த மின்தூக்கியிலும் கண்டதில்லை. "இழு மாப்பிள்ளே!" "இழுத்துட்டேன் மச்சான், நீங்க இழுங்க!" இரண்டு கயிறுகளும் ஒரே நேரத்தில், ஒரே முழத்தில். நேராக, ஆடாமல் ஏறினேன். பாதி வழியில் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. விளிம்பில் என்னைத் தூக்கிப் போட்டபோது மூவரும் அழுகிறேன் என்றே நினைத்தார்கள்.

"தண்ணி வந்துருச்சா கண்ணு?" என்று சின்னப்பொண்ணு என் தலையைத் துடைத்தார்.

"தண்ணி வரலக்கா. நான்தான் ஊதவெச்சேன். நீங்க யாரும் கேக்கல."

அவர் கை நின்றது. "துறையில இருக்கறவீங்களுக்குச் சொல்லோணும்னு சொன்னியே."

"சொன்னீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் பதில் மேடேறி வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு பெண்கள், களைக்கொத்தும் கையுமாக, இடுப்புவரை நனைந்து, மூச்சு வாங்க.

"எவடி சங்கு ஊதுனது?" என்றார் முன்னால் வந்தவர். "தூக்குப்போசியை ஆத்துலயே போட்டுட்டு ஓடியாந்தேன். உள்ளார பழைய சோறு!"

"ஏண்டி, ஊதுனதும் எத்தனை நேரத்துல ஏறுனீங்க?" என்றார் சின்னப்பொண்ணு, குற்றத்தை மறைக்கிற குரலில் அதிகாரத்தைக் கலந்து.

"எத்தனை நேரமா? காதுல உழுந்தப்ப ஆத்துல இருந்தோம். அடுத்தாப்பல பாத்தா இங்க நிக்கறோம்."

நான் மானியைத்தான் சோதிக்க வந்தேன். ஊரையும் சேர்த்துச் சோதித்துவிட்டேன். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் என்னைத் திட்டி முடித்தபோது மழையும் விட்டிருந்தது. சின்னப்பொண்ணு வீட்டில் பெரிய சட்டியில் குச்சிக்கிழங்கு வெந்தது. பச்சை மிளகாய்ச் சட்னியோடு சுடச்சுடத் தின்றுகொண்டே அவர்கள் விஷயத்தின் அடுத்த பாகத்துக்குப் போனார்கள்: சடையனும் பொன்னுசாமியும் பேசிக்கொள்கிறார்களாமே? வாசலில் இருவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், உச்சக் குரலில். மிளகு யாருக்கு என்பது தீர்வதாயில்லை. ஆனால் கோழிக்கு ஓய்வு கிடைத்தது.

மூன்றாம் நாள் விடியும்போதே வானம் இருண்டிருந்தது. காலைப் பேருந்தில் செம்மேடு வந்தேன். நிலையத்தில் பிரகாஷ் ஊன்றுகோலோடு உட்கார்ந்து அன்னாசித் துண்டு தின்றுகொண்டிருந்தான். கூரைத் தகரத்தில் மழை இறங்கியது. நாங்கள் இருவரும் எதிரெதிரே இருந்தும் கத்திப் பேசும்படியான மழை.

என் தொலைபேசியில் மானியின் கோடு எழுந்தது. முதலில் சாய்வாக, பிறகு செங்குத்தாக. நேற்று என் காலுக்குக் கீழே சாதுவாகப் போன ஓடை. சங்கு ஊதியதாகச் செய்தி வந்தது. களையெடுக்கப் போகிற நேரம்.

சின்னப்பொண்ணுவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். பிரகாஷ் அன்னாசியை வாயருகே வைத்தபடி அப்படியே இருந்தான். மூன்றாவது முறை எடுத்தார்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"மேட்டுல கண்ணு. சங்கு ஊதுச்சல்ல?" பின்னால் நிறையப் பெண் குரல்கள். "எல்லாரும் மேலதான் நிக்கறோம். ஆறு செக்கச் செவேல்னு போகுது. யாரோ தென்னைமரத்த முழுசாக் கொண்டுட்டுப் போறாப்பல இருக்குது. கேக்குதா?"

தொலைபேசியை அவர் ஆற்றின் பக்கம் நீட்டியிருக்கவேண்டும். கேட்டது.

என் கால்கள் தட்டையான சிமெண்டுத் தரையில்தான் இருந்தன. ஆனாலும் நிலையத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

இதை எழுதும்போது நிலவரம் இது. மானி கால் மணிக்கொரு முறை நீர்மட்டம் அனுப்புகிறது. அதன் வாய்க்குக் குளவி நுழையாத வலை தேவை. அடுத்த மாதம் மறுபடி இறங்கிப் பொருத்த வேண்டும். அலுவலகம் ஒப்புக்கொண்டுவிட்டது, கயிறு பிடிக்க இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். அந்த மழைக்குப் பிறகு சங்கு இன்னொரு முறை ஊதியது. அப்போதும் ஓடையில் யாரும் இல்லை. ஓடைக்குப் பாலம் இல்லை. சின்னப்பொண்ணு தினமும் தண்ணீரில் இறங்கித்தான் அக்கரைக் காட்டுக்குப் போகிறார்.